பெயர் பொறித்த கல்



உயர்தர வகுப்பிலே புறத்திணை கற்பிக்கும்போது நடுகல் வந்தால், தொல்காப்பியர் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் ஆகிய ஆறினையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அப்பாற் செல்வதே ஆசிரியர்களாகிய எம்மிற் பலரின் வழக்கம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை மாணவன் ஒருவன், “சேர், நடுகல்லை நீங்கள் பார்த்திருக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டான். பார்த்ததில்லை. நடுகல் இல்லாவிட்டாலும், போரில் இறந்தவனின் பெயர் தாங்கிய கல்லையாவது காட்டலாமே என்று, ஒரு சனிக்கிழமை காலை அவர்களைத் திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்கு அழைத்துச் சென்றேன்.

இரண்டாம் உலகப் போரில் இறந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகின்றனர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் குண்டு வீசித் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களுடன் மூழ்கியது. கடல் கொண்டவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்களின் பெயர்களை இங்கிலாந்தின் துறைமுக நகரங்களிலுள்ள நினைவுச் சின்னங்களிலே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இம்மயானங்களைப் பராமரிக்கும் ஆணைக்குழு 1917 இல் தோன்றியது. இறந்தவர் உடலை ஊருக்கு எடுத்துச் செல்லலாகாது, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வகைக் கல் என்பன அதன் விதிகள். பிள்ளையின் உடலைத் தரும்படி மனுக்கொடுத்த தாய்மார் பலர், விதி தளரவில்லை. எல்லாருக்கும் அந்தச் சமநீதி கிடைத்ததென்றும் சொல்வதற்கில்லை. முதலாம் உலகப் போரில் மடிந்த ஆபிரிக்க, ஆசியப் படையினரும் சுமைகாவிகளும் பெருந்தொகையாகப் பெயரின்றியே விடப்பட்டனர். அதற்காக ஆணைக்குழு 2021 இல் மன்னிப்புக் கோரியது.

இலக்கிய நேயர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. கல்லின் அடியிலே குடும்பத்தார் தம் சொந்த வாசகம் ஒன்றைப் பொறிக்கலாம். முதலாம் உலகப் போரின்பின் அதற்கு விதித்த எல்லை 66 எழுத்துகள். சொற்களுக்கு இடையிலுள்ள வெளியும் ஓர் எழுத்தாகவே கணக்கிடப்பட்டது. பெற்ற வயிற்றின் துயரத்தை எழுத்தெண்ணி அடக்க வேண்டும்! வெண்பாவிலே கைதேர்ந்தவருக்கும் இது இலேசான யாப்பு அன்று. நியூசிலாந்து அரசோ தன் வீரர்களின் கற்களில் அதற்கும் இடமளிக்கவில்லை.

அடையாளம் தெரியாதவர்களின் கல்லுக்கு, இவன் இறைவனால் அறியப்பட்டவன் என்ற பொருளில் வாசகம் தெரிந்து கொடுத்தவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் 1915 இல் லூஸ் போர்க்களத்தில் காணாமற் போனான். 1936 இல் தாம் இறக்கும்வரை கிப்ளிங் அவன் கல்லறையைக் காணவில்லை.

நமது நடுகல் வீரத்தின் பொருட்டு எழுந்தது. நிரை மீட்டு விழுந்தவனுக்கு மயிற்பீலி சூட்டிக் கள்ளும் படைத்தார்கள். இந்த மயானக் கற்களோ அப்படி எதையும் கேட்பதில்லை. களத்தில் விழுந்தவனுக்கும் காய்ச்சலில் இறந்தவனுக்கும் ஒரே கல்தான். இவற்றிலே வீரத்தை விட, வீட்டில் இருந்தவர்களின் துயரமே எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது.

இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இருபது வயதும் நிரம்பாத மாலுமி ஒருவனின் கல்லருகே ஒரு மாணவி நின்றுவிட்டாள்.

“இவற்ற அம்மா இஞ்ச வந்து பாத்திருப்பாவா, சேர்?”

“வந்திருக்க மாட்டா, பிள்ளை. அந்தக் காலத்தில எவ்வளவு தூரம்.”

“எண்டாலும் மகன் எங்க கிடக்கிறாரெண்டு அவவுக்குத் தெரியுந்தானே. எங்கட மாமா 2009 இல காணாமற் போனவர். அம்மம்மாவுக்கு ஒண்டும் தெரியாது.”

நான் மறுமொழி சொல்லவில்லை. அவள் வேலியோரம் உதிர்ந்து கிடந்த பூவொன்றை எடுத்து அந்தக் கல்லின்மேல் வைத்தாள். மற்றப் பிள்ளைகளும் பேசாமல் நின்றார்கள்.

அடுத்த வாரம் அந்த ஆறினையும் மீண்டும் கரும்பலகையில் எழுதினேன். காட்சி என்பது நடுவதற்குரிய கல்லைத் தேடிக் காண்பது என்று சொல்லித் திரும்பியபோது, அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்கோளுக்குப் போக எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.