எங்கள் டீச்சர்மாரின் கடதாசிகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மலருக்காகப் பழைய ஆசிரியைகளைப் பற்றி எழுத நாங்கள் சிலர் முன்வந்தோம். கையில் கிடைத்தவை பரிசளிப்பு விழா அறிக்கைகளும் குழுப் படங்களும்தான். அதிபர்களின் பெயர்கள் பலகையில் வரிசையாக இருக்கின்றன. எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர் எந்த ஊர், எங்கே தங்கினார், வெள்ளிக்கிழமை எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் தொடங்கியது. அங்கே படிப்பித்த எலைசா அக்னியூ 1840இல் இலங்கைக்கு வந்தார். 1883இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் அமெரிக்கா திரும்பவில்லை. அமெரிக்க மிஷன் தன் ஊழியர்களிடம் ஓயாமல் கடிதமும் அறிக்கையும் கேட்டது. வந்தவற்றை வீசவும் இல்லை. அதனால் அந்த மிஷனின் ஆவணங்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. ஆனால் பக்கத்து வகுப்பில் நின்ற தமிழ் ஆசிரியை அவற்றில் பெரும்பாலும் ‘சுதேச உதவியாளர்’ என்ற சொல்லுக்குள் அடங்கிப்போகிறார். அவரிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை.

சப்ரகமுவவில் நிலைமை இதைவிட மோசம். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. வாத்தியார் துரையிடம் சம்பளம் வாங்கினார். அவருடைய கடதாசிகள் செக்ரோலோடு தோட்ட ஒபீஸில் கிடந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. எழுபதுகளின் பிற்பகுதியில் பாடசாலைகள் அரசின் கீழ் வரத் தொடங்கின. 1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி தனியாரிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதாவது ஓர் அலுமாரி ‘துப்புரவாகும்’, தெரியும்தானே. 1977, 1981, 1983 கலவரங்களில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் பாடக்குறிப்புக் கொப்பியையா தூக்கியிருப்பார்கள்? மிஞ்சியதையும் 2003, 2017 மே மாதங்களில் களுகங்கை பார்த்துக்கொண்டது.

வைத்தியர்களாகிய எங்களுக்கு இது சும்மா பழம்பெருமை இல்லை. தோட்டத்து அம்மாமாரிடம் கிளினிக்கில் வயது கேட்டால், “வாத்தியார் போட்ட வயசுதான் டொக்டர்” என்பார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குச் சேர்விடாப்பில் ஒரு திகதி எழுதியது ஆசிரியரின் கை. 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களில் எத்தனையோ பேர் இங்கே படித்ததற்கு மிச்சமான சாட்சி ஒரு விடுகைப் பத்திரம்தான். அதில் கையெழுத்திட்டவரைப் பற்றியோ நமக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே உங்களிடம் கேட்கிறோம். பெரிய பொருட்கள் வேண்டாம். இடமாற்றக் கடிதம், பாடக்குறிப்பு, நேரசூசி, டீச்சர் உங்களுக்கு எழுதிய தபாலட்டை, பிரியாவிடைக்கு அச்சடித்துக் கண்ணாடி போட்ட வாழ்த்துப்பா, சுற்றுலாப் படம். அந்த வாழ்த்துப்பாக்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சொந்த ஊர், வந்த ஆண்டு, படிப்பித்த பாடம் எல்லாம் சில வேளை அதில் மட்டும்தான் இருக்கும். கோத்தகிரியிலோ டொரன்டோவிலோ இருப்பவர்கள் மூலத்தை அனுப்ப வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் போதும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணக் காப்பகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள் நிறையவே இருக்கின்றன. நம்முடையவையும் அங்கே சேர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். படத்தின் பின்புறம் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள்; பேனை மை நம் ஈரத்தில் மறுபக்கம் ஊறும். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லமினேட் செய்யவே வேண்டாம். பெட்டி நிலத்தில் இருக்கக் கூடாது. இரத்தினபுரியில் இதைச் சொல்லித் தரவும் வேண்டுமா!

ஒன்றில் மட்டும் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். சுகவீன விடுமுறைக் கடிதம், பிரசவ விடுமுறை, ஒழுக்காற்றுக் கடிதம் போன்றவை பொதுப் பார்வைக்குப் போகாது. நோயாளியின் கொப்பியை நாங்கள் எப்படிக் காப்போமோ அப்படியே டீச்சரின் கோப்பையும் காப்போம். அவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் பிள்ளைகளிடம் கேட்ட பிறகே எதையும் வெளியிடுவோம்.

கடதாசியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நல்ல ஞாபகத்தோடு வீட்டில் இருக்கிறார்கள். அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது எப்படியும் டீச்சரைப் பார்க்கப் போவீர்கள். அனுமதி கேட்டு, போனைப் பதிவில் போட்டு மேசையில் வையுங்கள். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார், மழைநாளில் ஆறு பெருகினால் பாடசாலைக்கு எப்படி வந்தார் என்று கேளுங்கள். பிறகு தேநீர் வரும். பதிவை அதற்குள் நிறுத்திவிடாதீர்கள்.