அமர்ந்தோரும் நின்றோரும்

 

நகரத்தில் உண்பதும் வாங்குவதும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இலக்கிய மேடையில் இட்டிலியையும் சேலையையும் பேசலாமா என்னும் ஐயம் முதலில் எழுந்தது. மாங்குடி மருதனார் அதைத் தீர்த்துவைத்தார். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்தது மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டுள் மிக நீண்ட பாட்டு, 782 அடிகள். நிலையாமை கூற வந்த அப்புலவர் நாளங்காடியையும் அல்லங்காடியையும் எவ்வளவு விரிவாகப் பாடியிருக்கிறார்! பண்டங்களைச் செப்பில் வைத்து, மணமலரோடு வீடுவீடாகத் திரிந்து விற்கும் நரைகூந்தல் முதுபெண்டிரைக் காட்டுகிறார். நள்ளிரவில், தேனடை போன்ற மெல்லிய அடையும் பூரணம் பொதிந்த மோதகமும் விற்ற கூவியர் அசைந்தாடித் தூங்கி விழுவதையும் காட்டுகிறார். தின்பண்டத்தின் சுவையை மட்டும் பாடிச் செல்லாமல், விற்றவனின் தூக்கத்தையும் பார்த்த கண் அது.

அந்த அல்லங்காடி இன்றும் நம்மோடு இருக்கிறது. கோச்சடையில் பேருந்து ஏறி, ஆரப்பாளையம் கடந்து நகருக்குள் நுழைந்தால் போதும். மாலையில் கருப்பட்டியும் சுக்கும் மணக்கும் பருத்திப்பால் அண்டா. விளக்குத்தூண் அருகே பாலும் கடற்பாசியும் நன்னாரியும் கலந்த ஜிகர்தண்டா. மாசி வீதிகளில் நள்ளிரவு நெருங்கியும் ஆவி பறக்கும் இட்டிலிக் கொப்பரை. தூங்கா நகரம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஒரு நகரம் தூங்காதிருக்க வேண்டுமானால், அதில் சிலர் தூங்காதிருக்க வேண்டும் என்பதை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நானும் மறந்திருந்தவள்தான். எனக்கு அதை நினைவூட்டியவள் ஒரு மாணவி.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். மதுரையின் புறஞ்சேரியில், மாதரி அளித்த மனையில், கண்ணகி தன் கணவனுக்குச் சமைக்கிறாள். காய் அரிந்த விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையால் கண் சிவக்கிறது. கோவலனைத் தவிசில் அமர்த்தி, அவன் அடி கழுவி, வாழைக் குருத்து விரித்து அமுது படைக்கிறாள். அவன் உண்டு முடித்ததும் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெரு நோக்கிப் புறப்படுகிறான். இவ்விடத்தில் நான் வழக்கமாக இல்லறத்தின் மாண்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுவேன். மாணவியர் குறிப்பெடுப்பார்கள்.

ஓர் ஆண்டு, பின்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, "அம்மா, கண்ணகி எப்போது சாப்பிட்டாள்?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் விடை சொல்ல முடியவில்லை. அடுப்பின் வெம்மை வரை நுணுகிப் பாடிய இளங்கோவடிகள், அவள் உண்டதாக எங்கும் கூறவில்லை. முனைவர் பட்டம் பெற்ற நான், அத்தனை ஆண்டுகளாக அந்த இலையின் எதிரே நின்றிருந்தவளைப் பார்த்திருக்கவில்லை. சமைத்த அவள் கையைப் புகழ்ந்தேன். அவள் வயிற்றை நினைக்கவில்லை.

அன்று மாலை வீடு திரும்பியதும் என் தாயாரைப் பார்த்தேன். எழுபதைக் கடந்தவர். எங்கள் வீட்டில் அவர் எப்போது உண்பார் என்று எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் உண்டு எழுந்தபின், அடுக்களைத் தரையில், சட்டியில் மிஞ்சியதை உண்பார். "ஓட்டல் சோறு வீடு இல்லாதவங்களுக்கு" என்பது அவர் வாக்கு. அதை அவருடைய கொள்கை என்று நாங்கள் நம்பியிருந்தோம். யாரும் அழைத்துச் செல்லாததற்கு அவர் தாமே கற்பித்துக்கொண்ட காரணமாகவும் அது இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு அவரை நகருக்குள் ஓர் உணவகத்திற்கு அழைத்துச் சென்றேன். நாற்காலியின் விளிம்பில்தான் அமர்ந்தார். பரிமாறுபவர் இலையில் இட்டிலி வைத்துச் சட்டினி ஊற்ற வந்தபோது, என் தாயார் பாதி எழுந்துவிட்டார். கிண்ணத்தை வாங்கக் கை நீண்டுவிட்டது. ஐம்பதாண்டுப் பழக்கம்! "நீங்க உட்காருங்கம்மா" என்றார் பரிமாறியவர். அமர்ந்தார். இரண்டு இட்டிலி உண்டார். பின்பு தலை நிமிர்ந்து அந்த மனிதரிடம், "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். "கடை எடுத்து வச்சப்புறந்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்கு விரைந்தார்.

தன் வாழ்நாளில் முதன்முறை அமர்ந்து உண்டவருக்கு, நின்றுகொண்டிருந்தவர் உடனே தென்பட்டார். உணவகங்களில் எத்தனையோ முறை உண்ட எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூட எழுந்ததில்லை.

பெரியோர்களே, வெளியில் உண்பதை நான் பழிக்கவில்லை. வீட்டில் அமரக் கிடைக்காத இடத்தை என் தாயாருக்கு அளித்தது ஒரு கடைதான். இத்தெருக்களின் கையேந்தி பவன்களில் நாள்கூலி பெறுபவரும் அலுவலரும் தோளோடு தோள் நின்று உண்பது எனக்கு மகிழ்ச்சியே தருகிறது. ஆயினும், ஒருவர் அமர மற்றொருவர் நிற்பதும், ஒருவர் உண்ண மற்றொருவர் பசித்திருப்பதும் வீட்டிலிருந்து கடைக்கு இடம் மாறியிருக்கின்றனவேயன்றி மறைந்துவிடவில்லை.

துணிக்கடைக்கு வாருங்கள். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புது மண்டபத்துத் தூண்களிடையே தையல் இயந்திரங்கள் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். அளவெடுத்த முதியவர் அமர்ந்தே தைப்பார். நாம் நின்று காத்திருப்போம். அக்கடைகள் இன்று குன்னத்தூர் சத்திரத்திற்குச் சென்றுவிட்டன. பெருங்கடைகளிலோ இம்முறை தலைகீழாயிற்று. மெத்தையில் நாம் அமர்கிறோம். காலை முதல் இரவு வரை ஓர் இளம்பெண் நிற்கிறாள். சென்ற தீபாவளிக்கு முன், ஒரு கடையில் முப்பது சேலைகளுக்கு மேல் எடுத்து விரிக்கச் சொல்லிவிட்டு, "பிறகு வருகிறேன்" என்று எழுந்தேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. மடிக்கத் தொடங்கினாள். ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றிக்கொண்டு அவள் மடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள் அமரும் உரிமைக்காகப் போராடினர். 2018இல் அங்குச் சட்டம் திருந்தியது. 2021இல் நம் சட்டப்பேரவையும் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. கடைகளில் பணிபுரிவோர் வேலைநேரம் முழுவதும் நின்றே தீரவேண்டிய நிலை கூடாது; அவர்கள் வாய்ப்புள்ளபோது அமர இருக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பெண் உட்காருவதற்குச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சட்டம் நாற்காலியை இடச் செய்யும். அதில் அவள் அமர்ந்திருக்கக் கண்டு, "எழுந்து வந்து காட்டம்மா" என்று அதட்டாதிருக்க வேண்டியவர்கள் வாங்க வரும் நாம்தாம்.

என் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அடுக்களை மேடையருகே நின்றவாறே உண்பவள் நான். என் தாயார் தரையில் அமர்ந்தேனும் உண்டார். படித்துப் பட்டம் பெற்று ஊதியம் ஈட்டும் நான் அதையும் இழந்து நிற்கிறேன். ஒருநாள் என் மகள் அதே மேடையருகே, அதேபோல் தட்டைக் கையில் ஏந்தி நின்றாள். அன்று அஞ்சினேன். இப்போது பத்து நிமிடம் முன்னதாக எழுகிறேன். இருவரும் அமர்ந்து உண்கிறோம். சிறிய மாற்றந்தான், ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குப் பின் வந்த மாற்றம்.

கவிஞர்களே, இந்நகரின் சுவையைப் பாடுங்கள். பாடத் தக்க சுவைதான். பாடும்போது கூவியரின் தூக்கத்தைக் கண்ட மருதனாரின் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணகி எப்போது உண்டாள் என்று கேட்ட மாணவிக்கு நான் சொல்ல முடியாத விடையை உங்களில் ஒருவர் எழுதினால், அதை வகுப்பில் நான் படித்துக் காட்டுவேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்வுரைக்குப் பின் உணவு என்று நிரலில் கண்டேன். இம்மண்டபத்தின் பின்கட்டில் விடியற்காலை முதல் ஐந்தாறு பேர் அடுப்படியில் நிற்கிறார்கள், வரும்போது பார்த்தேன். இன்று முதற்பந்தியில் அவர்கள் அமரட்டும். பரிமாற நான் முன்வருகிறேன். உடன் வருவோர் வருக.