முதலில் படங்கள், பிறகு கணினி



ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வரவேற்பறை மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினி. 2006-இல் தாத்தாவுக்கு நடந்த அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. பாட்டி இப்போது இல்லை. தீபாவளிக்குக் கூடிய பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று அம்மா விசையை அழுத்துகிறார். கறுப்புத் திரையில் ஒரே வரி: ‘என்டிஎல்டிஆர் காணவில்லை’.

“கடையில் கொடுத்து ஃபார்மட் செய்திடலாம்மா” என்கிறான் மகன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இங்கேதான் பொருந்தும். ஃபார்மட் செய்து புதிய விண்டோஸை மேலே எழுதிவிட்டால், பழைய படங்களை மீட்பது மிகவும் கடினம்.

அந்த வரி என்ன சொல்கிறது? என்டிஎல்டிஆர் என்பது எக்ஸ்பியை எழுப்பிவிடும் சிறு கோப்பு. கணினி தேடிய இடத்தில் அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வாசல் சாவி தொலைந்தால் வீட்டுக்குள் இருக்கும் பெட்டி, பீரோ எங்கும் போய்விடுவதில்லை. படங்களும் அப்படித்தான், பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே முதலில் செலவில்லாத சோதனைகள். நெகிழ்வட்டோ யுஎஸ்பி விரலியோ செருகியிருந்தால் எடுத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். கணினி வன்தட்டை விட்டுவிட்டு அதில் போய்த் தேடியிருக்கலாம். அடுத்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் தாய்ப்பலகையில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்ற அமைப்பும் அதனால் மறந்துபோயிருக்கலாம். புது பேட்டரி போட்டு, பயாஸ் திரையில் வன்தட்டை முதலிடத்தில் வையுங்கள்.

வன்தட்டிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது கோப்புப் பிரச்சினை அல்ல. தட்டே தேய்ந்து போகிறது. மேலும் இயக்குவது நோயாளியை ஓடவிடுவது போல. தரவு மீட்கும் வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

சத்தம் இல்லையென்றால், பழுதுபார்ப்பதற்கு முன் படங்களை எடுத்துவிடுங்கள். வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு கணினியில் பொருத்தினால் படங்களை நகல் எடுக்கலாம். பழைய தட்டுகளில் ஐடிஇ, சாட்டா என இரு வகை உண்டு. வாங்குமுன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகே பழுது. எக்ஸ்பி குறுந்தட்டிலிருந்து கணினியைத் தொடங்கி, ‘ஆர்’ விசையை அழுத்தினால் மீட்புத் திரை வரும். குறுந்தட்டின் ‘ஐ386’ உறையிலிருந்து என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட்.காம் ஆகிய இரண்டையும் ‘சி’ தட்டுக்கு நகல் எடுத்தால், பெரும்பாலும் விண்டோஸ் எழுந்து கொள்ளும்.

விண்டோஸ் திறந்த பிறகு, ஏதோ ஒரு ‘டிஎல்எல்’ கோப்பு இல்லை என்று ஒரு மென்பொருள் மட்டும் புலம்பினால், அந்த மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்பு கெட்டிருந்தால், கட்டளைத் திரையில் எஸ், எஃப், சி என்ற எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு ‘ஸ்கேன்நவ்’ என்று சேர்த்துத் தட்டுங்கள். விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சரிபார்க்கும். எக்ஸ்பியில் குறுந்தட்டையும் கேட்கலாம். அந்த ஒரு கோப்பை மட்டும் இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிப் போடாதீர்கள். அது எந்தப் பதிப்பு, கூடவே என்ன நச்சுநிரல் வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

கணினி சரியாகிவிட்டாலும் ஒன்றை மறக்க வேண்டாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது. வங்கி வேலைக்கு அந்தக் கணினி உதவாது. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய கோப்புகளை எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

எடுத்த படங்களை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். பழைய கணினிக்குப் பதில் புதியது வாங்கலாம். பாட்டி மாலையோடு சிரித்த அந்தப் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.