கதிரொளி இலவசம், கடன் இலவசமா?

கதிரவன் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. குடிசைக்கும் கோபுரத்துக்கும் ஒரே ஒளியைத்தான் வழங்குகிறான். அங்ஙனமிருக்க, அந்த ஒளியில் பிறக்கும் மின்சாரத்துக்கு விலை ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்!

அனல் மின் நிலையத்துக்கு நாள்தோறும் நிலக்கரி வாங்க வேண்டும். சூரிய மின் நிலையத்துக்கோ செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வந்து நிற்கிறது. அந்தப் பெருந்தொகையைத் தொழில் நடத்துவோர் தம் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பதில்லை. நூற்றுக்கு எழுபது அளவு கடன், முப்பது அளவு சொந்த முதல் என்பதே நம் நாட்டில் பெரிதும் உள்ள வழக்கம். ஆகவே, இந்த மின்சாரத்தின் விலைக்குள் ஒளிந்திருப்பது கரியின் விலையன்று; கடனின் வட்டி!

வட்டியை உயர்த்துவது எது? ஐயம்! வாங்கிய மின்சாரத்துக்கு ஒழுங்காகப் பணம் வருமா என்று கடன் கொடுப்போர் கொள்ளும் ஐயம்.

மத்தியப் பிரதேசத்து ரேவாவைப் பாருங்கள். 750 மெகாவாட் திட்டம். 2017 பிப்ரவரியில் ஏலம். பணம் தவறினால் முதலில் வங்கியின் உறுதிக் கடிதம். அடுத்து, அதற்கென ஒதுக்கிய நிதி. அதற்கும் மேலே மாநில அரசின் உத்தரவாதம். மூன்று அரண்கள்! விளைந்தது என்ன? முதலாண்டு விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 97 காசு. பின்னர் பதினைந்து ஆண்டுகள் ஆண்டுக்கு 5 காசு உயர்வு. 2016 சனவரியில் இராஜஸ்தானில் வந்த 4 ரூபாய் 34 காசே அந்நாளில் நாட்டின் மிகக் குறைந்த விலை! தகடுகள் மலிந்ததற்கும் இதில் பங்குண்டு. எனினும், ஐயம் தணிந்ததால் விலையும் தணிந்தது என்பதை மறுப்பார் இலர்.

மறுபக்கமும் காண்போம். ஆந்திர அரசு 2019-இல், முன்னரே கையெழுத்தான காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்க முனைந்தது. வழக்கு நீண்டது. ஒப்பந்த விலையையே தரவேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. விலை மிகுதி என்ற கேள்வி எழ வேண்டிய நேரம், கையெழுத்துக்கு முன்பன்றோ?

அரண் அமைப்பது அரசு. அரண் சரிந்தால் அடைப்பது யார் பணம்? மக்கள் பணம்! ரேவா ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு. இன்று தொட்டிலில் உறங்கும் குழந்தையும் வளர்ந்து அந்தக் கணக்கில் பங்கு செலுத்தும்.

ஆதலின், கணக்கு வணிகர்க்கு என்று ஒதுங்காதீர், தோழர்களே! உங்கள் ஊருக்குத் திட்டம் வரும்போது கேளுங்கள்: கடன் கொடுப்பவர் யார்? வட்டி எவ்வளவு? பணம் தவறினால் பாரம் யார் தோளில்? விடை பெற்ற பின்னர் கைதட்டுங்கள். அந்தக் கைதட்டலுக்குத்தான் மதிப்பு!