சங்கத்தை விடாத பந்தாட்டக்காரர்கள்

(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அசல் மான்செஸ்டர், பஞ்சாலைகளால் பேர்பெற்ற இங்கிலாந்து நகரம். அங்குள்ள மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழுவை இன்று உலகமே அறியும். அதன் பூர்வீகத்தை நாம் அறிய வேண்டாமா?

1878-ல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில், ரயில் பெட்டித் தொழிலாளர்கள் வேலை நேரம் போக விளையாட அமைத்த குழு அது. பச்சையும் பொன்னிறமும் அவர்கள் சட்டையின் நிறம். குழு கடனில் மூழ்கியபோது, 1902-ல் டேவிஸ் என்ற பீர் ஆலை முதலாளி பணம் போட்டார். பெயரும் மாறியது.

பந்தாட்டம் பிழைப்பாகிவிட்டது. கூலி என்ன? வாரம் 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாதென்று 1901-ல் விதி வந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும், குழு முதலாளி சம்மதியாமல் வேறு குழுவுக்குப் போக முடியாது. கடனுக்குக் கட்டுண்டு கிடந்த பண்ணையாளின் நிலையை நினைத்துப் பாருங்கள்!

1907-ல் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கம் பிறந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் பில்லி மெரிடித். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சங்கம் மற்றத் தொழிற்சங்கங்களோடு கைகோக்க முனைந்தது. கால்பந்து நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை. சங்கத்தை விட்டு விலகாதவர்கள் ஆட முடியாதென்று 1909-ல் கட்டளை போட்டது.

மற்றக் குழுக்களில் பெரும்பாலோர் விலகினார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலகவில்லை. அந்த ஏப்ரலில்தான் இங்கிலாந்துக் கோப்பையை வென்றவர்கள்! சம்பளம் நின்றது. காப்டன் சார்லி ராபர்ட்ஸும் தோழர்களும் தாங்களே பயிற்சி செய்தார்கள். "தள்ளிவைக்கப்பட்டோர் குழு" என்று பலகை எழுதிவைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டப் பருவம் நெருங்கியது. நிர்வாகம் இறங்கி வந்து சங்கத்தை அங்கீகரித்தது. ஆனால் இது முழு வெற்றியல்ல. மற்றத் தொழிற்சங்கங்களோடு சேரும் எண்ணத்தைச் சங்கம் கைவிட நேர்ந்தது. கூலி வரம்பும் நீடித்தது. 1961-ல், வேலைநிறுத்தம் செய்ய ஆட்டக்காரர்கள் முடிவெடுத்த பிறகே அது ஒழிந்தது.

2005-ல் அமெரிக்க கிளேஸர் குடும்பம் கடன் வாங்கி இக்குழுவை வாங்கி, அந்தக் கடனைக் குழுவின் தலையிலேயே கட்டியது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி, ஆளுக்கு ஒரு வோட்டு என்று தங்களுக்கே சொந்தமான குழுவை அமைத்தனர். 2010-ல் ஆயிரக்கணக்கானோர் பச்சை-பொன் துண்டணிந்து எதிர்ப்புக் காட்டினர். ரயில் தொழிலாளியின் நிறத்தை அவர்கள் மறக்கவில்லை.

1909-ல் அழிக்கப் பார்த்த அந்த ஆட்டக்காரர் சங்கம் இன்றும் நடக்கிறது. சங்கத்தால் என்ன பயன் என்று கேட்டுச் சந்தா கட்டத் தயங்கும் தோழரிடம் இந்த வரலாற்றைச் சொல்வோம்!