கூட நிக்கிறேன், அதுதான் வித்தியாசம்

நான் தண்டையார்பேட்டையிலிருந்து வர்றேன்.

எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "படிக்கிற வயசுப் பிள்ளைகளுக்கு அடுப்படியில என்ன வேலை? பள்ளிக்கூடத்துலயே காலைச் சாப்பாடு போடறாங்களே!" வாஸ்தவம்தான். 2022-ல் மதுரையில் தொடங்கின காலை உணவுத் திட்டத்துல என் பிள்ளைங்களும் சாப்பிடறாங்க. வேலைக்குப் போற எனக்கு அது பெரிய ஒத்தாசை. ஆனா ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாதே! (சிரிப்பு)

அவங்க பயம் எனக்குப் புரியுது. என் அம்மா விடியக்காலம் 4 மணிக்கு காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, கூடையில சுமந்து தெருத்தெருவா விப்பாங்க. தம்பிங்க 2 பேருக்கும் சோறாக்கறது என் பொறுப்பு. எனக்கு அப்ப 9 வயசு. ஒரு நாள் பம்ப் ஸ்டவ் குப்புன்னு எரிஞ்சு பாவாடையில பிடிச்சுக்கிச்சு. பக்கத்து வீட்டு ஆயா சாக்கைப் போட்டு அணைச்சாங்க. தழும்பு இந்தக் கையில இன்னும் இருக்கு. எட்டாவதோட படிப்பும் நின்னுச்சு. அம்மாவைக் குத்தம் சொல்லலீங்க. அவங்களுக்கு வேற வழியில்ல. ஆனா அன்னிக்கு என் பக்கத்துல யாரும் நிக்கல. பிள்ளையைச் சமைக்க விடறது வேற, பிள்ளையோட சேர்ந்து சமைக்கிறது வேற. (கைதட்டல்)

இப்ப எங்க வீட்டு ஞாயித்துக்கிழமைக்கு வாங்க. மாங்கா போட்ட நெத்திலிக் கொழம்பு. சின்ன வெங்காயத்தைத் தண்ணியில ஊறப்போட்டா 6 வயசுப் பொண்ணு விரலுக்கே தோல் கழண்டு வரும். பையனுக்கு 9 வயசு. மீன்னாலே மூக்கைப் பொத்துவான். அவனை நெத்திலி ஆய உட்கார வெச்சேன். தலையைக் கிள்ளி இழுத்தா குடலும் கூடவே வந்துடும், கத்தியே வேணாம். அடுப்புப் பக்கம் மட்டும் நான்தான். கொழம்பு நல்லா கொதிச்சு, மாங்கா வெந்தப்புறம்தான் நெத்திலி போடணும். போட்டுட்டு கரண்டியை விட்டுக் கிண்டக்கூடாது, உடைஞ்சிடும். துணியால சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தணும். 5 நிமிஷத்துல இறக்கிடலாம்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, மீன் விலை எகிறிடும், கருவாடுதான். "ஏம்மா?"ன்னு கேட்டான். "மீன் முட்டை போடற காலம்டா"ன்னேன். அந்தப் பாடம் அடுப்படியில நடந்தது ஐயா!

நடுவர்: ஆம்பளப் பிள்ளையை அடுப்படியில உட்கார வெச்சீங்களே, வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?

சொல்லாம இருப்பாங்களா ஐயா? மாமியார்தான் சொன்னாங்க, "ஆம்பளப் புள்ளய அடுப்படியில உட்கார வெக்கிறியே"ன்னு. "அத்தை, விசைப்படகுல போனா நாள்கணக்கா கடல்லயே தங்கறாங்களே, அங்க சோறாக்கறது யாரு? பொம்பளையா?"ன்னு கேட்டேன். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அத்தை பதில் சொல்லல. அடுத்த வாரம் அவங்களே அவனுக்குப் புளி கரைக்கச் சொல்லிக் குடுத்தாங்க.

நடுவர்: சரிம்மா, அந்தக் கொழம்பு எப்படி இருந்துச்சு?

உப்பு கொஞ்சம் தூக்கல் ஐயா. பொண்ணு எனக்குத் தெரியாம ரெண்டாவது வாட்டி போட்டுட்டா. (சிரிப்பு) மூக்கைப் பொத்தினவன் அதையே தட்டை வழிச்சுச் சாப்பிட்டான். "நான் ஆஞ்ச மீன் எதும்மா?"ன்னு சட்டிக்குள்ள தேடிக்கிட்டே இருந்தான்.