நிவாரணப் பணம் செல்லும் வழி

பொருளாதாரம் மந்தமுறும் காலங்களில் அரசாங்கங்கள் மக்கள் கையிலே பணத்தைக் கொடுப்பதேன்? வாங்குவாரின்றிச் சந்தை சோர்ந்து கிடக்கும்போது, ஒருவருடைய செலவே மற்றொருவருடைய வருவாயாகின்றது என்பது பொருளியலறிஞர் கூறும் காரணம். ஆயின், பெற்றவர்கள் அப்பணத்தை உண்மையில் என்ன செய்கின்றார்கள்?

ஐக்கிய அமெரிக்காவிலே 2020ஆம் ஆண்டில் வளர்ந்தோர் ஒருவருக்கு 1,200 டொலர் வரை வழங்கப்பட்டது. அதில் மூன்றிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே செலவாயிற்று என்றும், எஞ்சியது சேமிப்பிற்கும் கடன் தீர்ப்பதற்கும் சென்றது என்றும் நியூயோர்க் மத்திய ஒதுக்கு வங்கியின் ஆய்வு காட்டிற்று.

இனி, நமது இரத்தினபுரி மாவட்டத்துக்கு வருவோம். அதே 2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா முடக்கத்தின்போது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் 5,000 ரூபா வீதம் வழங்கியது. அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. ஆகவே அது ஏறக்குறைய ஏழு நாள் உழைப்பின் பெறுமதியாகும். பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ உள்ள லயத்து வீடொன்றில் இத்தகைய பணத்துக்கு முன்னரே வழிகள் வகுக்கப்பட்டிருக்கும். அரிசியும் கோதுமை மாவும் ஒன்று. கடைக் கொப்பியில் ஏறிய பற்று மற்றொன்று. அடகு வைத்த நகைக்குரிய வட்டி வேறொன்று.

கடன் தீர்த்தால் சந்தைக்கு என்ன பயன் என்று சிலர் வினவுவர். கடைப் பற்றைத் தீர்த்தவருக்கே அடுத்த மாதத்து அரிசி கடனாகக் கிடைக்கும். கடைக்காரரும் மொத்த வியாபாரிக்குப் பணம் செலுத்தி, புதிய சரக்கைக் கொண்டுவருவார். ஆகவே அப்பணம் வீண்போகவில்லை. வட்டிக்கே முழுவதும் போகுமாயின் நிலைமை வேறு. பசி தீராது, சில நாள் தள்ளிப்போகும். அவ்வளவுதான்.

பணத்தின் தொகையை மட்டும் பார்ப்பதும் போதாது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அதாவது, அன்று 5,000 ரூபாவுக்குக் கிடைத்த உணவு, ஓராண்டுக்கு முன்னர் ஏறத்தாழ 2,565 ரூபாவுக்குக் கிடைத்திருக்கும். விலையோடு சேர்ந்து உயராத உதவி, கொடுத்த கையிலிருந்து பெற்ற கைக்கு வருமுன்பே பாதியாகிவிடுகின்றது.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து அஸ்வெசும என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குடும்பத்தின் நிலையை 22 குறிகாட்டிகளால் அளந்து, தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகளில் வங்கி மூலம் வழங்கினார்கள். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்படிகள் இரண்டும் 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

தோட்டங்களில் வாழும் நேயர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். உங்கள் குடும்பத்தின் நிலை சரியாகப் பதியப்பட்டுள்ளதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டறியுங்கள். வங்கிப் புத்தகத்தையும் அட்டையையும் எந்தக் கடனுக்கும் ஈடாகக் கொடுக்காதீர்கள். பணம் வந்த அன்றே, வீட்டு அடுப்பைப் பொறுப்பேற்று நடத்தும் பெண்ணைக் கலந்துகொண்டு, உணவுக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு என்று பிரித்துவிடுங்கள்.